பாவு நூலும் ஞாயிற்றுக்கிழமை ஆறும்: கடிதம்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் டார்பிஷயர் பகுதியிலுள்ள குரோம்ஃபோர்டு கிராமத்தில் உள்ளூர் நடைக்குழு ஒன்றோடு நீங்கள் ஒரு நாள் முழுக்க நடந்ததைப் பற்றிப் போன மாதம் எழுதிய கட்டுரையைப் படித்தேன். பழைய பஞ்சாலை, கால்வாய், நீரேற்று நிலையம், ஆற்றங்கரைத் தேவாலயம் என்று வழி நெடுக நானும் கூடவே வந்தேன். ஆனாலும் ஓர் உறுத்தல் இருக்கிறது. மறைக்காமல் எழுதுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உலகத்தின் முதல் வெற்றிகரமான நீர்விசைப் பஞ்சாலை என்று நீங்கள் வியக்கும் அந்த ஆலைதானே நம் நெசவாளர்களின் வயிற்றில் அடித்தது? அதன் சுவரைத் தொட்டுப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கட்டிய முதலாளி புதைக்கப்பட்டிருக்கும் தேவாலயத்தில் அரை மணி நேரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். என் மனம் அதை ஒப்பவில்லை.

என் ஊர் விக்கிரமசிங்கபுரம். அப்பா பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கு ஊதும் நேரத்துக்கு முன்பே விழித்துக்கொள்ளும் பழக்கம் இன்றும் அவரை விடவில்லை. உங்கள் கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "தண்ணீரிலேயா ஓட்டினார்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

எங்கள் ஊரில் இப்படி ஒரு நடை சாத்தியமா? அதையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், விக்கிரமசிங்கபுரம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அப்பாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஆமாம், தண்ணீரில்தான் ஓட்டினார்கள். ஆலையைப் பார்க்க வருகிறவர்கள் எத்தனை மாடி, எந்த வருடம் என்று கேட்பார்கள். எது சுழற்றியது என்று கேட்பவர் அதன் முன்னால் நின்று வேலை செய்தவராகத்தான் இருக்க முடியும். உங்கள் ஊர் ஆலையும் 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்துத் தாமிரபரணி நீரின் விசையை நம்பித் தொடங்கியதுதான். அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் பேசாமல் இருந்தது எனக்குப் புரிகிறது.

கட்டுரையில் தண்ணீரைப் பற்றி நான் போதுமான அளவு எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் அந்தத் தண்ணீரோடு சேர்ந்துதான் வருகிறது.

அந்த ஆலையைக் கட்டிய ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771ல் குரோம்ஃபோர்டுக்கு வந்தபோது டெர்வென்ட் ஆறு அருகிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் முதல் ஆலைக்கு அவர் ஆற்று நீரை எடுக்கவில்லை. ஊருக்குள் இறங்கி வரும் ஓர் ஓடையையும், மலையிலிருந்து வரும் ஒரு வடிகாலையும் எடுத்துக்கொண்டார். அந்த மலைகளில் வெகுகாலமாக ஈயச் சுரங்கங்கள் இருந்தன. சுரங்கத்தில் ஊறும் நீரை வடிக்க மலையைக் குடைந்து நீண்ட வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். அங்கே அதற்கு 'சஃப்' என்று பெயர். பூமிக்குள்ளிருந்து வரும் நீர் என்பதால் கடுங்குளிரிலும் அது உறைவதில்லை. வருடம் முழுக்கச் சக்கரம் நிற்காமல் சுற்றும். யாரோ வேண்டாம் என்று வெளியே தள்ளிய தண்ணீர் ஓர் ஆலைக்கு உயிராகிவிட்டது.

இதை நடந்தால்தான் உணர முடிகிறது. ஆலைச் சாலையில் போகும்போது தலைக்கு மேலே சாலையைக் கடந்து ஓர் இரும்புத் தொட்டிப் பாலம் போகிறது. முதலில் மரத்தில் இருந்ததை 1821ல் வார்ப்பிரும்பில் மாற்றினார்கள். அதன் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தபோதுதான் தண்ணீர் எந்த உயரத்திலிருந்து எந்த உயரத்துக்கு விழுந்தது என்பது உடம்புக்கே தெரிந்தது. சுரங்கத்து நீர் ஆலைக்கு வந்து, சக்கரத்தைச் சுற்றி, சாலையின் மறுபக்கம் 1794ல் திறந்த கால்வாய்க்குப் போய்ப் படகுகளையும் சுமந்திருக்கிறது. ஈயச் சுரங்கக்காரர்கள் இன்னும் ஆழத்தில் வேறொரு வடிகாலும் வெட்டினார்கள். நாளடைவில் மேலே வந்த நீரெல்லாம் அதன் வழியே கீழே இறங்கிப் போய்விட்டது. ஆலைக்கும் இல்லை, கால்வாய்க்கும் இல்லை. கிணறு வற்றிய ஊரின் கதைதான். எங்கள் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு வந்து அயல்தோட்டத்துக் கிணற்றை வற்றடித்ததை நான் கண்ணால் பார்த்தவள். அதனால் அந்த இடத்திலிருந்து என்னால் சட்டென்று நகர முடியவில்லை.

இனி, நெசவாளர் வயிற்றில் அடித்த ஆலை என்ற உங்கள் சொல்லுக்கு வருகிறேன். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆளை மாற்றிச் சொல்கிறீர்கள். ஆர்க்ரைட்டின் இயந்திரம் நெய்யவில்லை. அது நூற்றது. அதனால் முதலில் வேலை போனது தறியில் உட்கார்ந்தவருக்கு இல்லை, ராட்டையில் உட்கார்ந்தவளுக்கு. சீமை நூல் சென்னைக்கு வந்து இறங்கிய பிறகும் நம் நெசவாளர்கள் நெய்துகொண்டுதான் இருந்தார்கள். பலர் அந்த நூலையே வாங்கி நெய்தார்கள். அடுப்பு வேலை முடித்து, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு நூற்ற பெண்களின் வருமானம்தான் சத்தமில்லாமல் நின்றது. சங்கப் பாட்டிலேயே 'பருத்திப் பெண்டு' என்று வருகிறவள் அவள். நெசவாளர் பட்ட துயரத்தை நாம் இருநூறு வருடமாகப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். நூற்றவளைப் பற்றி ஒரு வரி பேசுகிறோமா? எனக்கு இது தீராத வருத்தம். அந்த நடைக்கு நான் போனதற்குக் காரணமும் இதுதான்.

ஆலை முற்றத்தில் நடந்த ஒன்றைக் கட்டுரையில் விட்டுவிட்டேன். எங்களை அழைத்துப் போனவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். சட்டைப் பையிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்து ஆளுக்கு ஒரு சிட்டிகை கொடுத்தார். விரலால் இழுத்து நூலாக்கிப் பாருங்கள் என்றார். பத்துப் பதினோரு பேரும் இழுத்தார்கள், எல்லாருக்கும் அறுந்தது. எனக்கு அறவில்லை. பள்ளிக்கூடத்தில் தக்ளி என்ற நூற்கும் கைக்கதிரைச் சுற்றியவள் நான். அதற்கு முன்பே என் பாட்டி ராட்டையில் நூற்றுச் சிட்டம் சிட்டமாகக் கதர்க்கடையில் கொடுத்து வேட்டி வாங்கி வந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். இடக்கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பஞ்சைப் பிடிக்க வேண்டும், ஆனால் நசுக்கக் கூடாது. முறுக்கு மேலே ஏறி வருவதை விரல் நுனியில் உணர்ந்து, அது பஞ்சுக்குள் நுழைவதற்கு ஒரு கணம் முன்னால் கையைப் பின்னே இழுக்க வேண்டும். முந்தினால் அறும், பிந்தினால் முடிச்சு விழும். இதை வாயால் சொல்லித் தர முடியாது. பாட்டி என் விரல்மேல் தன் விரலை வைத்துத்தான் சொல்லித் தந்தார்.

ஏறக்குறைய ஒரு முழ நீளத்துக்கு இழுத்தேன். அந்த ஆசிரியர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மடித்து வைத்திருந்த இயந்திரப் படத்தை விரித்து உருளைகளைக் காட்டினார். மூன்று நான்கு ஜோடி உருளைகள். ஒன்றைவிட அடுத்தது வேகமாகச் சுற்றும், ஆகவே நடுவில் பஞ்சு இழுபட்டு மெலியும். மேல் உருளைக்குத் தோல் போர்த்தியிருக்கும், எடைக்கல் தொங்கும். "உங்கள் இரண்டு விரல்கள்தான் இவை" என்றார். பாட்டியின் விரலை மரத்திலும் தோலிலும் உலோகத்திலும் செய்து வைத்திருக்கிறார்கள் என்பது அந்த இடத்தில் எனக்கு விளங்கியது. சுவரை நான் தொட்டது அதற்குப் பிறகுதான்.

அந்த உருளைகள் எதற்காகத் தேவைப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும். அதுவரை இங்கிலாந்தில் பருத்தியில் குறுக்கே ஓடும் ஊடை நூல்தான் நூற்றார்கள். தறியில் நீளவாக்கில் இறுக்கிக் கட்டும் பாவுக்கு அந்த நூல் தாங்காது, அதனால் பாவுக்கு ஆளி நாரில் செய்த லினன் நூலைப் போட்டார்கள். பாவும் ஊடையும் பருத்தியாகவே நெய்த துணி நம் நாட்டிலிருந்துதான் போயிற்று. சோழமண்டலக் கரையின் சீட்டித் துணிக்கு அங்கே அப்படி ஒரு மோகம். கம்பளி நெய்தவர்களும் பட்டு நெய்தவர்களும் கொதித்தார்கள். 1719ல் லண்டன் தெருக்களில் காலிக்கோ என்ற பருத்தித் துணியை உடுத்திய பெண்களை வழிமறித்து ஆடையைக் கிழித்தார்கள். 1700ல் ஒரு சட்டம், 1721ல் இன்னொரு சட்டம். அச்சடித்த, சாயமிட்ட பருத்தித் துணியில் பெரும்பாலானவற்றை உடுத்தவே கூடாது என்று பாராளுமன்றம் சொல்லிவிட்டது. ஆக, நம் துணி அங்கே இயந்திரத்திடம் தோற்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே சட்டத்தால் வெளியே நிறுத்தப்பட்டிருந்தது. வரிசையை இப்படி வைத்துப் பாருங்கள்: முதலில் கதவடைப்பு, அப்புறம்தான் ஆலை. (அந்தத் தடைக்குப் பிறகும் மற்ற நாடுகளுக்கு அனுப்பக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நம் துணி வேண்டியிருந்தது. 1734ல் சென்னையில் கவர்னர் பிட் நூற்பவர்களையும் நெய்பவர்களையும் குடியேற்றிய சின்னத் தறிப் பேட்டைதான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை.)

ஆர்க்ரைட்டின் உருளைகள் பாவுக்குத் தாங்கும் பருத்தி நூலைத் தந்தன. இப்போது அவருக்கே அந்தத் தடை இடைஞ்சல். அவரும் கூட்டாளிகளும் பாராளுமன்றத்துக்கு மனுப்போட்டு 1774ல் விலக்குப் பெற்றார்கள். முழுப் பருத்தித் துணியை இங்கிலாந்திலேயே நெய்து விற்கலாம், ஆனால் அது இந்தியத் துணி அல்ல என்று தெரியவேண்டும். அதற்காகத் துணியின் இரு கரைகளிலும் முழு நீளத்துக்கும் மூன்று நீலக் கோடுகள் நெய்யவேண்டும், ஒவ்வொரு கோடும் ஒற்றை இழை. அந்த மூன்று நீல இழைகள் இல்லாவிட்டால் எது இங்கிலாந்துத் துணி, எது நம் துணி என்று கண்ணால் பிரித்தறிவதை நம்பி விட முடியாது என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். நம் நூற்பின் தரத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சியம் வேண்டுமா?

அந்த ஊர் மனிதர்களையும் நாம் பார்க்க வேண்டும். ஆலையிலிருந்து சந்தைத் திடலைத் தாண்டிப் போனால் வடக்குத் தெரு. 1776 வாக்கில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய மூன்று மாடிக் கல்வீடுகள் வரிசையாக நிற்கின்றன. மேல்மாடியில் மட்டும் ஜன்னல் நீளமாக இருக்கும். ஆண்கள் அங்கே தறி போட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் ஆலைக்குப் போனார்கள். பிள்ளைகள் நிறைய உள்ள குடும்பங்களையே தேடிக் கூட்டி வந்தார்கள். ஏழு வயதில் வேலைக்குப் போன பிள்ளைகள் உண்டு. பன்னிரண்டு மணி நேர வேலை, இரவிலும் ஆலை ஓடும். ஓவியர் ஜோசப் ரைட் இந்த ஆலையை நிலவொளியில் வரைந்திருக்கிறார், ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு எரிகிறது. பார்க்க மிக அழகான படம். ஒவ்வொரு விளக்குக்குக் கீழும் நின்ற பிள்ளைகளை நினைத்தால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. அந்த வீடுகளின் வாசலில் நின்றபோது, எதிரியின் ஊரில் நிற்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் குழுவில் ஒரு மூதாட்டி இருந்தார். இளவயதில் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். நான் பேசும்போதெல்லாம் அவர் என் கண்ணைப் பார்க்காமல் உதட்டையே பார்த்தார். இயந்திர இரைச்சலில் காதால் ஒன்றும் கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம், அது அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது என்றார். உங்கள் அப்பாவும் அப்படித்தானா? கவனித்துப் பாருங்கள்.

இப்போது தேவாலயம். ஆர்க்ரைட் தொடங்கினார், 1792ல் இறந்துவிட்டார், மகன் முடித்து 1797ல் திறந்தார். வேறிடத்தில் புதைத்திருந்த தந்தையைப் பிறகு இங்கே கொண்டுவந்தார்கள். எதிரே குன்றின்மேல் தனக்காகக் கட்டிய மாளிகையிலும் அவர் குடியேறவில்லை. அது 1791ல் தீப்பிடித்தது. தேவாலயத்தின் உள்ளே சுவர்களில் அதன் நூறாவது ஆண்டை ஒட்டித் தீட்டிய சித்திரங்கள் நிறைந்திருக்கின்றன. நான் அங்கே உட்கார்ந்தது ஆர்க்ரைட்டுக்காக இல்லை என்று சொன்னால் நம்புவீர்கள் என்று நினைக்கிறேன். உள்ளே போனதும் நூற்ற ஒருத்தியின் பெயரையாவது தேடினேன். நான் பார்த்த அளவில் கல்லில் இருந்ததெல்லாம் முதலாளி குடும்பத்தின் பெயர்கள். எழுதப்படாத பெயர்களுக்காகக் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று தோன்றிற்று. உட்கார்ந்தேன். அந்த விரல்களோடு பாட்டியும் இருந்தார்.

இன்னொன்று. தேவாலயத்திலிருந்து கால்வாய்க் கரையோடு ஒன்றரை மைல் நடந்தால் லீவுட் நீரேற்று நிலையம் வருகிறது. வரப்பில் நடப்பது போன்ற நடை. ஒரு பக்கம் அசையாத நீர், மறுபக்கம் மரங்களுக்குள் ஆறு. அந்த நிலையத்தைக் கட்டியது 1849ல். சுரங்கத்து நீர் போய்விட்டதால் கால்வாய் காய்ந்தது, ஆற்றிலிருந்து நீர் ஏற்ற வேண்டிய கட்டாயம். ஆனால் ஆற்று நீருக்கு உரிமையாளர்கள் கீழே இருக்கும் ஆலைகள். அவர்கள் ஒரே ஒரு நேரத்தைத்தான் விட்டுக்கொடுத்தார்கள்: சனிக்கிழமை இரவு எட்டு மணி முதல் ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணி வரை. ஒரு வாரத்துக்கு வேண்டியதை ஒரே நாளில் இறைத்தாக வேண்டும். அதனால்தான் அந்த நீராவி எந்திரம் அவ்வளவு பெரியது. ஒரு தடவை ஏறி இறங்கினால் ஏறக்குறைய நான்கு டன் தண்ணீர், நிமிடத்துக்கு ஏழு தடவை.

எந்திரத்தை விடவும் அந்த நாள்தான் என்னை நிறுத்தியது. மனிதர்கள் ஆலையிலிருந்து விடுபட்டுத் தேவாலயத்துக்குப் போன அதே நாளில்தான் ஆறும் ஆலைகளிடமிருந்து விடுபட்டிருக்கிறது. அந்த ஒரு நாளிலும் அதற்கு ஓய்வில்லை, கால்வாய்க்காக இறைத்திருக்கிறார்கள். ஆலையைத் தனியாகவும் தேவாலயத்தைத் தனியாகவும் காரில் போய்ப் பார்த்திருந்தால் எனக்கு இது பிடிபட்டிருக்காது. இரண்டுக்கும் நடுவில் கால் வலிக்க நடந்ததால் பிடிபட்டது.

உங்கள் ஊர் நடைக்கு வருகிறேன். சாத்தியமா என்று கேட்கிறீர்கள். அதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தோன்றவில்லை. ஆலைக்குள் போக அனுமதி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, மதிலுக்கு வெளியே நடப்பதற்கே வேண்டிய அளவு இருக்கிறது. பாபநாசத்தில் கோயில் படித்துறையில் தொடங்குங்கள். நீர் எங்கிருந்து இறங்கி எங்கே திரும்பியது என்பதை முதலில் காட்டுங்கள். பிறகு தொழிலாளர் குடியிருப்புகள், டீக்கடை, சம்பள நாளில் கடன்காரர்கள் காத்து நின்ற இடம், கொடை நடக்கும் கோயில், மாதா கோயில் என்று ஷிப்டுக்குப் போகிறவர்கள் நடந்த வழியிலேயே போங்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம், பின்னால் வருகிறவருக்குக் கேட்காது. வரலாறு படித்தவர் யாராவது முன்னால் நின்று பேசுவதைவிட உங்கள் அப்பா பேசட்டும். அவர் வயதுக்காரர்கள் நான்கைந்து பேர் இருந்தால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்துவார், அது மிக நல்லது. ஆலைகளில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பகுதியில் பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்களில் இன்று பாட்டிகளாக இருப்பவர்களைத் தேடிக் கண்டுபிடித்து அவசியம் கூட்டி வாருங்கள். எல்லாருடைய பெயரையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், முழுப் பெயராக.

மழைக்காலம் முடியட்டும். தை பிறந்ததும் நானும் வருகிறேன். அதற்குள் அப்பாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள்: முதல் சங்கு ஊதிய பிறகு வீட்டிலிருந்து கிளம்பினால், ஆலை வாசலுக்குப் போய்ச் சேர அவருக்கு எத்தனை நிமிடம் ஆகும்? நடையை அந்த வேகத்திலேயே நடந்து பார்க்கலாம்.